வெள்ளையாய் விட்ட மூலை

அந்தப் பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். "செருப்பு காலுக்கோ கைக்கோ பிள்ளை?" என்று முதல் நாளே கேட்டேன். "மண் மாறுற இடம் காலுக்குத்தான் கெதியாத் தெரியும் அப்பு" என்றாள். முள்ளுக் குத்தினால்? "குத்தினா முள்ளுப் பத்தை எண்டு படத்தில கீறுவன்." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பகிடிக்குச் சொல்கிறாளா, மெய்யாய்ச் சொல்கிறாளா என்று கடைசிவரைக்கும் எனக்குப் பிடிபட்டதில்லை.

பேர் சொல்லமாட்டேன். அவள் கீறிய படத்திலேயே தன் பேரை மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் எழுதியிருந்தாள். அவள் அவ்வளவு சின்னதாக எழுதின பேரை நான் எதற்குப் பெரிதாக எழுத வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தாள். எங்கள் காலத்தில் அதற்குப் பூமிசாத்திரம் என்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த கொஞ்ச நாளில் வாத்தியார் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் சுற்றிவிட்டார். அது சுற்றி நிற்பதற்குள் நான் மாடு மேய்க்கப் போய்விட்டேன். அதோடு என் படிப்பு சரி. இவர்களுக்குக் கடைசி வருசத்தில் ஆளுக்கு ஓர் இடம். அங்கே போய் இருந்து, நிலத்தையும் தண்ணீரையும் சனத்தையும் பார்த்து, படமும் கீறிப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். இவள் எடுத்தது எங்கள் குடியேற்றத்தை.

குடியேற்றம் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், காடு தொடங்குகிற ஓரம். சண்டை முடிந்த பிறகு காணி இல்லாத சனத்துக்குக் கொடுத்த இடம். பரந்தனில் இருந்து வந்தவர்கள், கரையில் இருந்து வந்தவர்கள், மலைநாட்டில் இருந்து ஒரு காலத்தில் வந்து நாலு இடம் மாறினவர்கள் என்று எல்லாரும் கலந்து இருந்தோம். அந்த நிலத்தோடு பழைய அறிமுகம் உள்ள ஒருவரும் எங்களுக்குள் இல்லை. நான் உருத்திரபுரத்து ஆள். வாய்க்கால் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். மகளுக்கு இங்கே காணி கிடைத்தபடியால் அவளோடும் கைக்குழந்தையாக இருந்த பேரனோடும் வந்து சேர்ந்தேன். மருமகன் இல்லை. அதை இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்கள் தகரக் கொட்டிலில்தான் அந்தப் பிள்ளை தங்கினாள். முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை, வேதக்காரர். சாப்பிட முன் சிலுவை போடுவாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். "தேப்பன் கடல்ல, மகள் காட்டில. உங்கட வீட்டில நடுவில நிக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று என் மகள் அவளைச் சீண்டுவாள். "அம்மா நிக்கிறா அக்கா, சந்தையில" என்பாள். இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

கடைவாசலில் நிற்கிற பெடியளும் விடமாட்டார்கள். "பூமியைப் படிச்சு என்ன வேலை தங்கச்சி கிடைக்கும்?"

"தெரியேல்ல அண்ணை. வேலை கிடைக்குமட்டும் எங்க நிக்கிறன் எண்டாவது தெரியும்."

ஒருத்தர் தேங்காயோடு வந்து, கிணறு வெட்ட இடம் பார்த்துத் தரச் சொன்னார். "நான் சாத்திரம் பாக்கிறேல்ல அண்ணை, நிலம் பாக்கிறன்" என்றாள். "ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை?" என்றார் அவர். "சாத்திரம் எண்டா இருந்த இடத்தில இருந்து சொல்லலாம். இதுக்கு நடக்க வேணும்." அவள் சொன்னது விளங்காமல் அவர் தேங்காயை வைத்துவிட்டுப் போனார். மகள் அதில் சம்பல் இடித்தாள்.

அவள் நடக்கிறபோது துணைக்கு நான் போவேன். வயதான ஆளுக்கு வேறு என்ன வேலை. வழியில் தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொண்டு போவேன். ஒருநாள், "அந்தப் பாலை மரத்துக்கு அங்கால ஒரு பாழ்ங்கிணறு கிடக்கு பிள்ளை" என்றேன்.

"நீங்கள் பாத்தனீங்களோ அப்பு?"

"சனம் சொல்லுது."

"சனம் போய்ப் பாத்ததோ?"

என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. போய்ப் பார்த்தால் கிணறு இல்லை, யாரோ கல் அரிந்து சூளை வைத்த பள்ளம். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை நக்கலாகச் சொல்லவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்த்து, 'பள்ளம்' என்று குறித்துக்கொண்டு ஏறினாள். "கால் வைக்காத இடத்தை நான் கீறமாட்டன் அப்பு" என்றாள். அதை அன்றைக்குத்தான் முதல் கேட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன்.

அவள் கால் வைக்கமுடியாத ஓர் இடமும் இருந்தது. எங்கள் காணிகளுக்கு வடக்கு மூலையில் காட்டோடு சேர்ந்த துண்டு. மண்டையோடு கீறின சிவப்புப் பலகையும் மஞ்சள் நாடாவும் கட்டியிருந்தார்கள். மிதிவெடி. எடுக்கிற ஆட்கள் வேறு இடத்தில் வேலையாக நின்றார்கள், எங்கள் மூலைக்கு முறை வரவில்லை. அந்த நாடாவை அவள் ஒருநாளும் தாண்டினதில்லை. ஆனால் கால்விரல் நாடாவுக்கு ஒட்டினாற்போல் நிற்க, கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பாள், கடைக்கு வெளியே நின்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிற குழந்தை மாதிரி.

இனி வீட்டுக் கதைக்கு வாறேன். அந்த மாதம் மகளுக்கு வீட்டுத்திட்டத்தில் முறை வந்திருந்தது. மாதம் முடிய முன் அத்திவாரம் போட்டுக் காட்டாவிட்டால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். காணி நீட்டுக் காணி. தெருப் பக்கம் மேடு, சரளைக் கிரவல் நிலம், அலவாங்குக் கம்பி போட்டால் பொறி பறக்கும். பின்பக்கம் பதிவாய், கறுத்த மண்ணாய், கிணறும் அங்கேதான். எல்லாரையும் போல மேசன் கிணற்றடிக்குப் பக்கத்தில் வீட்டுக்கு இடம் குறித்து நிலையம் எடுத்து, கயிறு பிடித்து, மூலைக்கல்லும் வைத்துவிட்டான்.

காணிகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மண் அணை வளைந்து கிடந்தது. சண்டைக்காலத்து அணை என்று எல்லோருக்கும் தெரியும். அதில் பதுங்குகுழிகள் இருந்தன, பனங்குற்றி போட்டு மூடினவை. வன்னியில் இப்படி அணை காணாத ஆள் உண்டா? சனம் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் அதன் பக்கத்தை வெட்டி அத்திவாரத்துக்கு நிரப்ப மண் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்த அணைமேல் நடந்துகொண்டு போனோம். ஒரு மருத மரத்தடியில் அவள் நின்றுவிட்டாள்.

"அப்பு, இந்த அணை எப்ப போட்டது?"

"சண்டைக்கை."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

சண்டைக்குள்ளே நான் வேறொரு இடத்தில் மூட்டையும் முடிச்சுமாய் ஓடிக்கொண்டிருந்தேன். எப்படிப் பார்த்திருப்பேன்? அவள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் அந்தப் பக்கத்தால பிடியுங்கோ." பிடித்தேன். எங்கள் கை ஒன்றையொன்று தொடவில்லை.

"சண்டைக்கை போட்ட அணையில இவர் எப்ப அப்பு முளைச்சவர்?"

அவ்வளவு பெருத்த மருது, அதுவும் தண்ணீர்க் கரையில் வளர்கிற மரம். அது குளக்கட்டு. யாரோ, எந்தக் காலத்திலோ கட்டி, காடு மூடிப் போன குளம். சண்டைக்கு வந்தவர்கள் கட்டைக் கண்டு அதிலே குழி வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு சோறு தின்று வளர்ந்தவன் நான். நாள்தோறும் அதில் ஏறி இறங்குகிறேன், எனக்கே தெரியவில்லை. சண்டையைத் தவிர வேறொன்றையும் எங்கள் கண் தேடவில்லை.

அவள் திரும்பிக் கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். கட்டின் மேலிருந்து பார்க்க, சட்டிக்குள் வைத்த மாதிரி எங்கள் காணிகளின் பின்பாதி கிடந்தது. மகளின் வீட்டுக் கயிறு சட்டியின் அடியில் தெரிந்தது. கிணற்றடியில் கிண்டிப் போட்ட மண்ணுக்குள் நத்தைக்கூடு ஏன் அவ்வளவு கிடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப தண்ணி வந்தால் இதுக்கைதான் நிக்கும்" என்றேன்.

"கட்டு முழுசாக் கிடந்தா நிக்கும். எங்கேயும் உடைஞ்சிருந்தா ஓடிடும்." அவள் வடக்கே பார்த்தாள். கட்டு வளைந்து போய் அந்த மஞ்சள் நாடாவுக்குள் நுழைந்தது. அதற்கு அப்பால் காடு.

கண்டதை வந்து சொன்னேன், வீட்டை மேட்டுக்கு மாற்றுவதா என்று அன்று பின்னேரம் முற்றத்தில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மேசன் கரண்டியைக் கீழே போட்டான். "மேல கட்டுறதெண்டா கிரவல் வெட்டவே கிழமை போகும். மாதம் முடிஞ்சா முறையும் போச்சு. மேல கட்டினாலும் கிணத்துக்கு நடந்து நடந்து அக்காவின்ர கால் தேஞ்சிடும்."

பக்கத்துக் காணிக்காரன், "நாங்கள் வந்து ரெண்டு மாரி. ஒரு சொட்டு நிக்கேல்ல" என்றான்.

"ரெண்டு மாரியும் மழை பெய்ததோ அண்ணை?" என்றாள் அவள். அவன் வானத்தைப் பார்த்தான்.

என் மகள் அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். "தங்கச்சி, ஒரு சொல்லுச் சொல்லு. தண்ணி நிக்குமோ, நிக்காதோ?"

"தெரியேல்ல அக்கா."

"படிக்கிறனீதானே!"

"அந்த மூலைக்கு நான் போகேல்ல. போகாத இடத்தைப் பற்றி என்னெண்டு சொல்ல?"

"அப்ப உன்ர படிப்பு என்ர வீட்டுக்கு என்னத்துக்கு உதவும்?"

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிக்கும் என்றோ நிக்காது என்றோ ஒன்றைச் சொல்லித் தப்பியிருப்பார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை. எனக்கே அவள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. இந்த நேர்மையை வைத்துக்கொண்டு ஆர் வீடு கட்டுகிறது?

சனம் கலைந்த பிறகு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். கேட்காமலே சொன்னாள். "நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க, 'அங்கால போங்கோ, அங்க பயமில்லை' எண்டு ஒரு ஆள் சொன்னவர் அப்பு. நல்ல மனுசன். எங்கள் எல்லாரிலும் இரக்கப்பட்டுத்தான் சொன்னவர். ஆனா அவர் அங்க போய்ப் பாக்கேல்ல." அவ்வளவுதான் சொன்னாள். யார் யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்கத் தேவையில்லை.

பிறகு எழும்பி, ஈரக்காலோடு மகளின் அடுப்படிக்குப் போனாள். "அக்கா, படத்தில போடுறது வேற, என்ர மனசில கிடக்கிறது வேற. நிக்குமோ எண்டு தெரியாது. ஆனா என்ர அம்மாவை நான் அந்த இடத்தில படுக்க விடமாட்டன்."

மகள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். விடியப் பார்த்தால், கிணற்றடியில் பிடித்திருந்த கயிற்றைத் தானே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மேசனின் தண்ணீர்க் குழாயை வாங்கி, அவன் ஒரு நுனியும் அவள் மறு நுனியுமாகப் பிடித்து, கட்டில் இருந்து காணிவரைக்கும் மட்டம் பார்த்தார்கள். முதலில் முறுமுறுத்த மேசன் பின்னேரம் அளவில், "நில்லு தங்கச்சி, இன்னொருக்காப் பாப்பம்" என்கிற அளவுக்கு வந்துவிட்டான். தான் நடந்த இடங்களை வைத்து, தண்ணீர் வந்தால் இதுவரை வரலாம் என்று அவள் ஒரு கோடு போட்டாள். அதற்கு மேலே வீடு. கிரவலை நாங்கள் எல்லாரும் வெட்டினோம். அவளும் அலவாங்கு பிடித்தாள். கை கொப்பளித்தது. மாதம் முடியும் தறுவாயில் அத்திவாரம் ஏறிவிட்டது. "தெருவில வீடு கட்டுறாள்" என்று ஊர் சிரித்தது. பக்கத்துக் காணிக்காரன் கிணற்றடியிலேயே கட்டினான்.

அவளுடைய பல்கலைக்கழகத்துச் சேர் ஒருநாள் வான் வண்டியில் வந்தார். நல்ல மனிதர். பாயில் விரித்த படத்தைக் குனிந்து பார்த்தார். "இந்த மூலை ஏன் வெள்ளையாக் கிடக்குது?"

"உள்ள போக ஏலாது சேர், மிதிவெடி."

"மேல இருந்து எடுத்த படம் இருக்குத்தானே. அதைப் பாத்துப் புள்ளிக்கோடாப் போடலாமே? எல்லாரும் செய்யிறதுதான்."

"அதில மரத்தின்ர தலைதான் சேர் தெரியுது. அடியில என்ன கிடக்கெண்டு தெரியேல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளைக்குப் பரீட்சைப் புள்ளி போட எங்களிட்ட வழியில்லையே பிள்ளை."

"அப்ப போடாதேங்கோ சேர்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வானில் ஏறப் போகையில் அவர் என்னைக் கேட்டார், "இந்தப் பிள்ளையோட திரியிறது கஷ்டமா இல்லையோ ஐயா?" "கஷ்டம்தான்" என்றேன். "ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லேலாமக் கிடக்கு."

அவள் புத்தகத்தைக் கட்டிக் கொடுக்கப் போய்விட்டாள். மாரிக்கு முன் எங்கள் வீடும் எழும்பிவிட்டது. அந்த மாரிதான் மாரி. அடைமழை. காட்டுக்குள்ளால் வந்த தண்ணீர் முதலில் கிணற்றடியை மூடியது. பிறகு ஒவ்வொரு வீடாக. பக்கத்துக் காணிக்காரன் மூன்று பிள்ளைகளையும் தோளிலும் இடுப்பிலுமாய்த் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றான். என் மகள் ஒன்றும் கேட்கவில்லை, பாயை விரித்தாள். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. அறை காய்ந்து கிடந்தது. பின்னால் தாழ இறக்கிக் கட்டின அடுப்படிக் குசினிக்குள் மட்டும் கணுக்காலளவு தண்ணீர்.

மழை கொஞ்சம் விட்ட நேரம் அவள் யாரோ ஒருவரின் உழவு மெசினில் வந்து இறங்கினாள். தெருவில் இருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தாள். தான் சொன்னது சரிவந்ததைப் பார்க்க வந்திருக்கிறாள், நாலு நல்ல வார்த்தை சொல்வோம் என்று நான் வாசலுக்குப் போனேன். அவள் வீட்டுக்குள் வரவேயில்லை. கக்கத்தில் ஒரு கட்டுத் தடி. தண்ணீர் நிற்கிற ஓரமெல்லாம் ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு போனாள். சுற்றி முடித்துக் கடைசியில் குசினி வாசலுக்கு வந்தாள்.

மகள் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேசைமேல் வைத்த அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "வா தங்கச்சி, உன்ர கோட்டைத் தேடியோ வந்தனீ? அது இஞ்ச என்ர அடுப்படியில நிக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் பிழை அக்கா."

"என்ன பிழை? உள்ள எட்டிப் பார். எத்தினை சீவன் படுத்துக் கிடக்குது."

"குசினி நனைஞ்சிட்டுதுதானே. என்ர கோடு வாசலுக்கு வெளியில எல்லோ நிண்டது." குசினிக்குள் வந்து ஒரு தடியை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினாள். பக்கத்துக் காணிக்காரன், "அந்த மூலையில கட்டு முழுசாக் கிடக்கு, அதுதான் இவ்வளவு ஏறினது. இப்பவாவது கீறன் தங்கச்சி" என்றான்.

"தண்ணி அப்பிடித்தான் சொல்லுது அண்ணை. நான் பாக்கேல்ல."

மகள் ஒரு கோப்பை கஞ்சியை அவள் கையில் திணித்தாள். "குடி. குடிச்சுப்போட்டுப் பிழையைப் பற்றிக் கதைப்பம்."

பிறகு படத்தில் ஒரு பிரதி எங்களுக்குத் தந்தாள். நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் இரண்டு கோடு இருக்கிறது. வெட்டிவிட்ட பழைய கோடு ஒன்று, எங்கள் குசினிக்குள்ளால் போகிற புதிய கோடு ஒன்று. பழையதை அவள் அழிக்கவில்லை. வடக்கு மூலை வெள்ளை. அதன்பிறகு கிணற்றடியில் ஒருவரும் கட்டவில்லை. ஒரு படத்துக்குச் சனம் அடங்கினதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காலம் போய்விட்டது. அவள் இப்போது கரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். நத்தார்ப் பெருநாளுக்குக் கேக்கோடு வருவாள், சில வருசம் வருவதில்லை. போன கிழமைதான் வெடி எடுக்கிற ஆட்கள் எங்கள் மூலையை முடித்து, பலகையையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் பொல்லை ஊன்றிக்கொண்டு போனேன். நாடா கட்டியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கம் விடாது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

கட்டு முழுசாகத்தான் கிடந்தது. அடியில் பொளிந்த கருங்கல் வைத்துக் கட்டின பழைய துருசு, குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற வாய், மண் அடைந்து கிடந்தது. அந்தக் கல்லில் இருந்துகொண்டே அவளுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம்.

"பிள்ளை, அந்த மூலைக்கு வந்திட்டன்."

சத்தம் இல்லாத இடத்துக்குப் போனாள் போல. "கால் வைச்சனீங்களோ அப்பு?"

"வெறுங்காலோட."

"என்ன கிடக்கு?"

சொன்னேன். கட்டைச் சொன்னேன், துருசுக் கல்லைச் சொன்னேன். கல்லில் கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்து கிடக்கிறது என்றும் சொன்னேன்.

"இனிக் கீறிப்போடு பிள்ளை. கனகாலம் வெள்ளையாக் கிடந்திட்டுது."

இது சனம் சொன்னது இல்லையே, நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன். எனக்காக ஒருக்கால் விட்டுக்கொடுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"சனிக்கிழமை முதல் பஸ்ஸில வாறன் அப்பு. பாத்திட்டுக் கீறுறன்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "ஆள் கொஞ்சமும் மாறேல்ல" என்று ஏசிக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் தூசு தட்டிக் கதிரையில் வைத்தாள். பேரப்பிள்ளை ஒரு பென்சிலோடு அதற்குக் கிட்டப் போனான். எனக்கு வந்த சத்தத்தில் அவன் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினான்.

சனிக்கிழமை வரட்டும். அந்த மூலை அதுவரைக்கும் வெள்ளையாகவே கிடக்கட்டும்.